வலக்காதில் சுருதி, இடக்காதில் லயம்

சுருதி மாதா, லயம் பிதா என்பது பாட்டு வாத்தியார்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் வாக்கு. எனக்கு அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். வலக்காதில் மாட்டியிருக்கும் காது மிஷினில் சுருதி வருகிறது. இடக்காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த காக்ளியர் இம்ப்ளான்ட் வழியாக லயம் வருகிறது. வடசென்னையின் திருவொற்றியூரில் உட்கார்ந்து இந்த இரண்டையும் வைத்துப் பாட்டுக் கேட்கும் ஒருவன் தன் ருசியைச் சொல்லும் கட்டுரை இது. காது போன கதையை இங்கே எழுதப் போவதில்லை. அதில் சொல்ல அதிகம் இல்லை. கேட்பதில்தான் இருக்கிறது.

நல்ல காதுக்குள் இருக்கும் நத்தைச் சுருளில், ஒலியை நரம்பிடம் ஒப்படைக்கும் உள்வரிசை மயிர்ச்செல்கள் சுமார் 3,500. அவை பட்டுப்போன காதில், சுருளுக்குள் ஒரு மெல்லிய இழையைச் செருகி, அதிலுள்ள மின்முனைகளால் நரம்பை நேரடியாகத் தூண்டுவதுதான் இம்ப்ளான்ட். மின்முனைகள் கம்பெனிக்குக் கம்பெனி 12, 16, 22 என்று மாறும். ஆயிரக்கணக்கானவை செய்த வேலையை அதிகம் போனால் இருபத்திரண்டு செய்ய வேண்டும். அவை எதை விடாமல் சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதில்தான் என் இசை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒலி எந்தக் கணத்தில் பிறந்தது, எத்தனை வேகமாக எழுந்தது, எப்போது அணைந்தது என்பதைக் கருவி பிசகாமல் சொல்லும். எந்த ஸ்வரம், அது எவ்வளவு அசைந்தது என்று கேட்டால் தடுமாறும். ஒலியின் மேல்வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நுண்ணிய அதிர்வைக் கழித்துவிடுவதுதான் காரணம். பேச்சைப் புரிந்துகொள்ள மேல்வடிவமே போதும், பேச்சுக்காகச் செய்த கருவிதான் இது. ராகத்துக்கு அது போதாது. தாளத்தை அறிவதில் இம்ப்ளான்ட் காது இயற்கைக் காதுக்குக் கிட்டத்தட்ட சமம், மெட்டை அறிவதில் வெகுதூரம் பின்னால் என்பது பல நாட்டுச் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு.

வலக்காதின் நிலைமை நேர் எதிர். அங்கே மேல்மட்ட ஒலிகளெல்லாம் போய்விட்டன. ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, காது மிஷின் அவற்றைப் பெருக்கித் தருகிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அற்பமில்லை. ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் சுமார் 139 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் அதன் இரட்டிப்பு, 277. தாரஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டாலும் 416தான். மந்தரஸ்தாயி பஞ்சமத்துக்கு இறங்கினால் 104. அதாவது ஒரு முழுக் கச்சேரியில் அவர் குரல் ஏறி இறங்கும் பாதை மொத்தமும் எனக்கு மிஞ்சியிருக்கும் இந்தச் சிறு இடத்துக்குள்ளேயே இருக்கிறது. குரலின் மினுமினுப்பும் கூர்மையும் மேலே போய்விடுகின்றன. ஸ்வரமும் அதன் அசைவும் கீழே தங்கிவிடுகின்றன. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை அளந்து சொல்ல முடியாது. ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்களின் தாரஸ்தாயி சஞ்சாரம் இந்த எல்லையைத் தாண்டிவிடும். அவர்கள் மேலே போகும்போது நினைவால் தொடர்ந்து போகிறேன். இறங்கி வரும்போது காதால் வரவேற்கிறேன்.

துறைமுகத்தை ஒட்டி வாழ்வதில் எனக்கு ஒரு லாபம் உண்டு. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. பாடகரின் ஆதார ஷட்ஜம் விழும் அதே இடம். புத்தாண்டு நள்ளிரவில் கப்பல்கள் சேர்ந்து ஊதும்போது இம்ப்ளான்ட் பக்கம் வெறும் இரைச்சல்தான். மிஷின் பக்கம் ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு சுருதியில் நிற்பது தெரியும், இரண்டு கப்பல்கள் சுருதி சேராமல் உரசும்போது எழும் துடிப்பும் தெரியும். புல்லட் மோட்டார் சைக்கிள் செய்த ஊர் இது. தெருவில் ஒரு புல்லட் நின்றபடி ஓடினால், ஒவ்வொரு வெடிப்பின் விளிம்பையும் இடக்காது எண்ணும், அதன் கனத்தை வலக்காது வாங்கும். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் ஒலி எதுவானாலும் எனக்கு அது இசைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

அந்த வகையில் தவிலை மிஞ்சிய வாத்தியம் எனக்கு இல்லை. வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டி அடிக்கிறார்கள். தொப்பி என்னும் மறுபக்கத் தோலில் கழியால் அடிக்கிறார்கள். கூடு மாட்டிய விரல் தோலில் பட்டுத் தெறிக்கும் ஓசை கூர்மையானது, திடீரென்று பிறந்து திடீரென்று அணைவது. இம்ப்ளான்டுக்கு இதைவிட உகந்த ஒலி கிடையாது. ஃபரன் எனப்படும் அதிவேகச் சொற்கட்டுகளில் நல்ல காதுக்காரர்கள் மொத்தமாகக் கேட்டு மலைக்கும் இடத்தில், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து என் இடக்காதில் பதிகிறது. தொப்பியின் அடி வலக்காதுக்குப் போகிறது. ஒரே மனிதர் ஒரே தோல்வாத்தியத்தை வாசிக்க, என் தலைக்குள் அது இரண்டு பக்கமாகப் பிரிந்து நடுவில் சேர்கிறது. தியாகராஜ சுவாமி கோயிலில் மாசிப் பிரம்மோற்சவத்தின்போது சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் தவில்காரருக்கு நேர் எதிரே நிற்காமல், சற்றுத் தள்ளி மதிலை ஒட்டி நிற்பேன். கிட்டே நின்றால் கருவியின் ஒலிக்கட்டுப்பாடு எல்லா அடியையும் ஒரே உயரத்துக்கு நசுக்கிவிடும். தள்ளி நின்றால் மெதுவான அடிக்கும் ஓங்கிய அடிக்கும் இருக்கும் வித்தியாசம் உயிரோடு வந்து சேரும்.

மிருதங்கத்தில் ஒரு நுட்பம் வலக்காதுக்கே உரியது. தொப்பியில் அடித்த கையை அழுத்தி நகர்த்தும்போது கீழ் ஒலி வளைந்து மேலே போகுமே, அந்த கும்கி. வலந்தலையின் சாப்பும் நம்மும் இம்ப்ளான்ட் பக்கம் தெளிவாக வரிசைகட்டி வரும். கும்கி அங்கே வராது. காது மிஷினைக் கழற்றிவிட்டுத் தனி ஆவர்த்தனம் கேட்டால் கணக்கு முழுதும் சரியாக இருக்கும், மனம் மட்டும் அசையாது. மிஷினை மாட்டினால் கும்கி வரும், மனமும் அசையும். லயத்துக்குள்ளேயே சுருதியின் பங்கு எவ்வளவு என்பதை இப்படிக் கழற்றியும் மாட்டியும்தான் நான் அறிந்தேன்.

கானாவுக்கு வருகிறேன். வடசென்னையின் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் திண்ணையிலும் வளர்ந்த இந்தப் பாட்டு, என்னைப் போன்ற காதுக்கென்றே பிறந்ததோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன். மெட்டு சில ஸ்வரங்களுக்குள் சுற்றும். கதை முன்னால் நிற்கும். ஒரு டோலக், அதுவும் இல்லாவிட்டால் ஒரு தகரம், ஒரு மேசை, ஒரு தீப்பெட்டி போதும். விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரிலேயே ஒரு பேட்டையும் ரயில் நிலையமும் உள்ள ஊரில், பாதி குச்சி நிரம்பிய தீப்பெட்டியை விரலால் தட்டித் தாளம் போடுவது இயல்பாகவே வந்திருக்க வேண்டும். குச்சிகள் உள்ளே சலசலக்கும் அந்தச் சன்னமான ஒலி முழுதும் மேல்மட்டத்தில் இருப்பது. வலக்காதுக்கு அது இல்லவே இல்லை. இடக்காதில் ஒவ்வொரு குலுக்கலும் மணிமணியாக விழுகிறது. இம்ப்ளான்ட் வைத்த பிறகுதான் தீப்பெட்டித் தாளத்தை அதன் முழு அழகோடு கேட்டேன்.

2006இல் வெளிவந்த ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டைக் காசிமேட்டுக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. மீன்களே மாப்பிள்ளையும் பெண்ணுமாக, உறவுமுறையாக வரிசையில் வரும் பாட்டு. அதை நான் ரசிப்பது மெட்டுக்காக அல்ல, மெய்யெழுத்துக்காக. தமிழ் இலக்கணம் மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்தது என் காதுகளைப் பார்த்துப் பிரித்ததாகவே தோன்றுகிறது. க, ச, ட, த, ப, ற ஆகியவற்றின் வெடிப்பும் உரசலும் இடக்காதின் சொத்து. ங, ஞ, ண, ந, ம, ன ஆகியவற்றின் முனகல் அடிமட்ட ஒலி, அது வலக்காதில் ரீங்கரிக்கும். ய, ர, ல, வ, ழ, ள வரும்போது இரண்டு காதும் சேர்ந்து உழைத்தால்தான் லகரமா ளகரமா ழகரமா என்று தெரியும். ஒவ்வொரு மீன் பெயரிலும் இந்த மூன்றும் மாறிமாறி வர, பாட்டு என் ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாவித் தாவிப் போகிறது. உலகநாதன் சொல்லை விழுங்காத பாடகர். ஒவ்வொரு அடியின் முடிவிலும் குரலை இழுத்து நிறுத்தும் இடத்தில் உயிரெழுத்து வலப்பக்கம் நீண்டு கிடக்கும், அடுத்த அடி இடப்பக்கம் தெறித்துப் பிறக்கும்.

பா. ரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசையில் 2018 ஜனவரியில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒன்றாக்கியது. அதன் சொல்லும் நியாயமும் எனக்கு மிக நெருக்கமானவை. ஆனாலும் என் காதின் தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் கரகரப்பு இம்ப்ளான்டில் ஒரு திரையாக விழுந்து, பின்னால் இருக்கும் பறையையும் டோலக்கையும் மூடிவிடுகிறது. ஒரு குரலும் ஒரு தோல்கருவியுமாகப் பாடும் கானாவில் எனக்குக் கிடைக்கும் நிறைவு அங்கே கிடைப்பதில்லை. வாத்தியங்கள் பெருகப் பெருக இம்ப்ளான்ட் குழம்பும். சினிமாப் பாட்டில் இந்தக் குழப்பத்திலிருந்து என்னைக் கைதூக்கிவிடுபவை இளையராஜாவின் பேஸ் கிட்டார் வரிகள். மேலே நூறு வயலின்கள் கலங்கிக் கிடந்தாலும் கீழே ஒரு தனிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எண்பதுகளின் பாட்டுகளை நான் அடியிலிருந்து மேலே கேட்கிறேன்.

இந்த ஊரில் பெரிய சங்கீதம் நடந்திருக்கிறது. வாக்கேயக்காரர் தியாகராஜர் தம் சீடர் வீணை குப்பையரின் அழைப்பில் திருவொற்றியூர் வந்து வடிவுடையம்மனைத் திரிபுரசுந்தரியாகப் பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. ராகங்கள் கல்யாணி, பேகடா, ஆரபி, சுத்த சாவேரி, சாவேரி. என் காதுகளுக்கு இந்த ஐந்தும் ஐந்து வகைப் பரீட்சை. சுத்த சாவேரியில் ஐந்தே ஸ்வரங்கள், இடைவெளி அகலம், பெரும்பாலும் நேராக நிற்பவை. அதனால் இம்ப்ளான்ட்கூட ஓரளவு அடியொற்றி வரும். ஆரபியும் அப்படியே, வேகமும் நேர்மையும் உள்ள ராகம். பேகடா வேறு. அதன் மத்தியமமும் நிஷாதமும் ஓரிடத்தில் நில்லாதவை. எழுதிய ஸ்வரஸ்தானத்துக்குச் சற்று மேலும் கீழுமாக, அசைவில்தான் அவை உயிர்வாழ்கின்றன. அந்த மயிரிழை வித்தியாசத்தை 22 மின்முனைகள் எடுத்துவர முடியாது. ஆனால் ஆண் குரலில் அந்த மத்தியமம் 185 ஹெர்ட்ஸை ஒட்டி அசைகிறது. அது வலக்காதின் எல்லைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆகவே பேகடா கேட்கும்போது இடக்காது சாஹித்யத்தைச் சொல்லும், வலக்காது அந்த மத்தியமத்தின் மேல் கவனம் முழுவதையும் வைத்துக் காத்திருக்கும். அது வந்து அசைந்து அமரும் கணத்துக்கு ஈடாக வேறொரு சுகம் எனக்கு இல்லை.

அதே பேகடாவை இன்னொரு இடத்திலும் கேட்டேன். எண்ணூர்க் கழிமுகத்தைச் சாம்பலும் தொழிற்சாலைகளும் விழுங்குவதைப் பற்றி, கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ 2017இல் வெளிவந்தது. ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாளகபைரவி, சிந்துபைரவி என்று ராகங்கள் மாறிப்போகும். அதன் வீடியோவில் கருப்பு நீரும் சாம்பலும் பின்னால் தெரிய, தெருத் தமிழைக் கர்நாடக ராகத்தில் வைத்துப் பாடியிருக்கிறார். அந்தத் தலைப்புச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகரமும் றகரமும் இடக்காதில் வெடிக்கின்றன. மகர ஒற்று வலக்காதில் ஒரு கணம் தங்குகிறது. உடனே அடுத்த பகரமும் இரட்டைக் ககரமும் மீண்டும் இடக்காதில் அடிக்கின்றன. பாடகர் அந்த மகரத்தை அழுத்திக் கமகம் கொடுக்கும்போது சொல்லின் கோபம் ஒரு பக்கமும் ராகத்தின் துக்கம் மறுபக்கமும் எனக்குப் பிரிந்து கேட்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கேட்பவர்களுக்கு இந்த அனுபவம் வாய்க்காது. இதை நான் குறையாக நினைக்கவில்லை.

பக்கத்து மணலியையும் சொல்ல வேண்டும். இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பேரால் அறியப்படும் அந்த ஊரில்தான், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தது. அவருடைய மகன் பாலுஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அயல் கருவி ஒன்று சுருதி மாறி, பிடிப்பு மாறி, நம்முடைய கமகத்தைப் பேசக் கற்றுக்கொண்டது. வயலின் இன்னும் என் இம்ப்ளான்டை ஏமாற்றுகிறது. வில்லின் இழைவில் தொடக்கம் எது, முடிவு எது என்று புரியாமல், அதைப் பாடகரின் குரலோடு சேர்த்துவிடுகிறது. வீணை அப்படியில்லை. மீட்டு விழும் கணம் கூர்மையாக இடக்காதுக்கு வரும். கம்பியை இழுத்து உண்டாக்கும் அசைவு, மந்தர, அனுமந்தரத் தந்திகளில் வலக்காதுக்கு வரும். குப்பையரின் வாத்தியம் எனக்கும் உகந்ததாக அமைந்ததில் ஒரு சந்தோஷம்.

இவை எதுவும் ஆபரேஷன் முடிந்த மறுநாள் வந்துவிடவில்லை. மின்முனை இழை சுருளின் உட்கோடிவரை பெரும்பாலும் போவதில்லை. அதனால் கனத்த ஒலியும் சற்று மேல்ஒலிக்கான நரம்பிடம் போய்ச் சேர்கிறது. ஆரம்பத்தில் ஒரே ஷட்ஜம் இரண்டு காதிலும் இரண்டு வேறு ஸ்வரமாகக் கேட்டது. ஒலி வந்துசேரும் நேரத்திலும் இரண்டு கருவிக்கும் சில மில்லி விநாடி வித்தியாசம் இருந்தது. மாதக்கணக்கில் கேட்கக் கேட்க மூளை இரண்டையும் இணங்க வைக்கிறது. மனப்பாடமான பாட்டில் தொடங்கியது எனக்கு உதவியது. புதுப் பாட்டு பிறகுதான். இரண்டு கருவியையும் ஒரே ஆடியாலஜிஸ்ட் ஒன்றாக வைத்துச் சரிபார்த்தது அதைவிட உதவியது.

பேச்சுக்கான புரோகிராமில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்காதீர்கள் என்று இந்தக் கருவி வைத்தவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். தம்புராவின் மாறாத ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து மிஷின் அமுக்கிவிடும். புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தைத் தன்னுடைய கீச்சொலி என்று நினைத்து அதன்மேல் ஒரு நடுக்கத்தை ஏற்றிவிடும். இரைச்சல் குறைப்பை நிறுத்தி, கீச்சொலித் தடுப்பைத் தளர்த்தி, தனியாக ஒரு இசைப் புரோகிராம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். கேட்காதவருக்குப் பல இடங்களில் தருவதில்லை.

இந்த ஊர்க் கதை ஒன்று எனக்கு நெருக்கமானது. தேவாரம் பாடிய சுந்தரர், பிரியமாட்டேன் என்று தம் மனைவி சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் கொடுத்த வாக்கை மீறி, இந்த ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இழந்தார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில்தான் வலக்கண். இடைப்பட்ட வழி முழுவதும் அவர் பாடிக்கொண்டே போனார். அந்த வாக்கை நினைவூட்டும் மகிழடி சேவை மாசியில் நடக்கும்போது, சுந்தரர் அதை மீறியதை மற்றவர்கள் நினைப்பார்கள். நான் ஊன்றுகோலையும் ஒற்றைக் கண்ணையும் நினைப்பேன். போன புலன் மொத்தமாக அல்ல, பகுதி பகுதியாகத் திரும்பியதையும், அதுவரை பாட்டு நிற்கவில்லை என்பதையும் சொல்லும் கதை அது.

இன்று தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். டாக்டர் மோகன் காமேஸ்வரன் போன்ற முன்னோடிகள் சென்னையில் வேரூன்றச் செய்த சிகிச்சை, மீன்பிடிக்கிறவர் வீட்டுக்கும் லோடு ஏற்றுகிறவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருப்பது பெரிய காரியம். அதன்பின் தரும் பயிற்சி பேச்சையே குறியாகக் கொண்டது. அதுவும் சரிதான், குழந்தை அம்மா என்று சொல்ல வேண்டும். ஆனால் இதற்குப் பாட்டெல்லாம் கேட்காது என்று பெற்றோரே முடிவு கட்டிவிடுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் அப்படிப்பட்ட குழந்தை உள்ள வீட்டாருக்கு என் வேண்டுகோள் இதுதான். மறு காதில் கொஞ்சமாவது கேட்கும் திறன் மிஞ்சியிருந்தால் அந்தக் காதின் மிஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், சுருதி அதன் வழியாகத்தான் வரும். வீட்டில் பாடுங்கள், கையால் தாளம் போடுங்கள், தீப்பெட்டியைக் கையில் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். கோயிலில் தவில் வாசிக்கும்போது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அல்லாமல் சற்றுத் தள்ளி, வாசிப்பவரின் இரண்டு கையும் தெரியும் இடத்தில் குழந்தையைத் தூக்கிப் பிடியுங்கள்.